மிஞ்சும் அந்த ஒரு நாளுக்கு எந்த ஊர்?

யூலை பிறந்தால் பரிஸைச் சுற்றியிருக்கும் எங்கள் வீடுகளின் வரவேற்பறையில் மெத்தைகள் விரிந்துவிடும். ரொறன்ரோவில் இருந்து சித்தி குடும்பம், லண்டனில் இருந்து மாமா குடும்பம், சுவிஸில் இருந்து ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர். விமானம் ஏற முதலே அவர்களின் நிகழ்ச்சி நிரல் தயார். ஈபிள் கோபுரத்துக்கு ஒரு பின்னேரம், டிஸ்னிலாண்டுக்கு ஒரு முழு நாள், லாச்சப்பலில் சாமான் வாங்க ஒரு நாள், சிலருக்கு லூர்து. எல்லாம் முடிய ஒரு நாள் மிஞ்சும். அப்போதுதான் வீட்டில் இருக்கும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். "தம்பி, நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பக்கத்தில் பழைய ஊர் ஏதும் இருந்தால் கூட்டிக்கொண்டு போவன்."

அந்த மிஞ்சும் நாளை நாங்கள் வீணாக்குகிறோம் என்பது என் கருத்து. கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

நாங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? போனை எடுத்து "பரிஸுக்குப் பக்கத்தில் அழகான ஊர்கள்" என்று தேடுவோம். பத்து ஊர்களின் படம் வரும். பத்தும் அழகுதான். மரச்சட்டம் தெரியும் பழைய வீடு, கல் பதித்த ஒழுங்கை, ஜன்னலில் சிவப்புப் பூ. எது கூடப் பிரபலமோ அதைத் தெரிவு செய்வோம். போவோம், படம் எடுப்போம், ஐஸ்கிரீம் குடிப்போம், வருவோம். இரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தால் எந்த ஊர் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு வாடிக்கையாளரிடம் போனால், எந்த மென்பொருள் நல்லது என்று நாங்கள் தொடங்குவதில்லை. உங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்குவோம். ஊர் தெரிவதிலும் அதே முறைதான் சரி. "எந்த ஊர் அழகு?" என்று கேட்டால் விடை முடியாது. "எங்களோடு வருகிறவர்களுக்கு எந்தக் கேள்வி இருக்கிறது, அதற்கு எந்த ஊர் பதில் வைத்திருக்கிறது?" என்று கேட்டால் பட்டியல் தானாகவே சுருங்கும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு இரவு எட்டுக்குத் திரும்பினால் பன்னிரண்டு மணித்தியாலம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரயிலிலோ பஸ்ஸிலோ போனால், அது ஊர் பார்க்கிற பயணம் இல்லை, இருக்கையில் குந்தியிருக்கிற பயணம். மோன் சான் மிஷேல் பரிஸில் இருந்து 350 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போக நாலு மணித்தியாலத்துக்குக் கூட, வர அதே அளவு. கடலுக்கு நடுவே எழும்பி நிற்கும் அந்த மலை உண்மையிலேயே ஓர் அதிசயம்தான். ஆனால் அறுபது வயது மாமியை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் இருத்தி, மூன்று மணித்தியாலம் படி ஏற்றி இறக்குவது விருந்தோம்பல் ஆகாது. அங்கே போவதென்றால் ஓர் இரவு தங்குங்கள். கடல் ஏறி இறங்குவதையும் பார்க்கலாம்.

இதே கணக்கில் அடிபட்டுப் போவது, எனக்கு மனம் கேட்காமல், லோரியான். எங்களுக்கு நேரடித் தொடர்பு உள்ள பிரெஞ்சு ஊர்களில் முதலாவது அதுதான். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி கப்பல் கட்டவும் சாமான் இறக்கவும் உண்டாக்கிய துறைமுகம். கிழக்குத் திசை என்ற சொல்லே ஊருக்குப் பெயராகிவிட்டது. புதுச்சேரியில் இருந்து தமிழ் நெசவாளர்களின் துணி இறங்கிய இடம். எதிரே இருக்கும் போர் லூயி கோட்டைக்குள் அந்தக் கம்பனிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் பரிஸில் இருந்து வேக ரயிலிலும் போக மூன்று மணித்தியாலம், வர மூன்று. ஊரின் பெரும் பகுதி 1943 குண்டுவீச்சில் அழிந்து பிறகு கட்டப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு நாள் கிடைத்தால் போங்கள். ஒரு நாளுக்கு வேண்டாம்.

வெர்சாய் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கோடையில் அங்கே நீங்கள் பார்ப்பது ராஜாவின் மாளிகையை அல்ல, முன்னால் நிற்பவரின் முதுகை.

சரி, கேள்விகளுக்கு வருவோம். வருகிறவர்களில் பெரிய போர்களைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் இருந்தால் ரான்ஸ் நல்லது. கிழக்கு நிலையத்தில் இருந்து வேக ரயிலில் முக்கால் மணித்தியாலம். பிரெஞ்சு ராஜாக்களுக்கு முடிசூட்டிய பேராலயம் அங்கேதான். 1914 செப்ரெம்பரில் ஜேர்மன் பீரங்கிகள் அதை எரித்தன. 1945 மே 7ஆம் திகதி ஜேர்மனி சரணடைந்து கையெழுத்து வைத்ததும் அதே ஊரில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில். அதிகம் பேர் போகாத இடம் ஒன்றும் உண்டு. முதல் உலகப் போரில் ரான்ஸைக் காத்துப் போரிட்ட ஆபிரிக்கப் படையினருக்கு 1924இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 1940இல் ஊருக்குள் வந்த ஜேர்மன் படை அதைக் கழற்றிக்கொண்டு போனது. மீண்டும் செய்து வைத்த சிலைகளை 2018இல்தான் பிரான்ஸ், மாலி நாட்டு ஜனாதிபதிகள் திறந்து வைத்தார்கள்.

ரூவான் போனால், 1431இல் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் தாளில் அடையாளம் வாங்கி, சில நாளில் அவளை உயிரோடு எரித்த சந்தைச் சதுக்கத்தில் நிற்கலாம். ஜோன் ஒவ் ஆர்க் கதையைப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். இரண்டும் நல்ல ஊர்கள்.

ஆனால் கடைசிப் போட்டி என் கணக்கில் இரண்டு ஊர்களுக்கு இடையில்தான். புரோவான், ஷார்த்ர்.

புரோவானுக்கு ஒரு பெரிய வசதி. அது பரிஸ் பிராந்தியத்துக்குள்ளேயே இருக்கிறது. நாவிகோ அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி ரிக்கெற் தேவையில்லை. கிழக்கு நிலையத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. மதில், 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம், நிலத்துக்குக் கீழே வெட்டிய சுரங்க அறைகள் எல்லாம் இருக்கின்றன. குதிரையில் வீரர்கள் வந்து வாள் சண்டை போடும் காட்சியும் கோடையில் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், புரோவானுக்கே போங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. காசு எப்படி ஊர் விட்டு ஊர் போனது? 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய வணிகச் சந்தைகள் ஷாம்பாஞ் பிரபுக்களின் நாலு ஊர்களில் வருடத்துக்கு ஆறு முறை கூடின. அதில் இரண்டு புரோவானில். வடக்கே பிளாண்டர்ஸில் இருந்து கம்பளித் துணி வரும். தெற்கே இத்தாலியில் இருந்து மிளகும் பட்டும் வரும். மூட்டை மூட்டையாக நாணயம் காவிக்கொண்டு காட்டு வழியால் வர யாருக்குத் துணிவு? அதனால் இத்தாலிய வணிகர்கள் தாளில் கணக்கை முடித்தார்கள். இங்கே வாங்கு, அடுத்த சந்தையில் கொடு, அல்லது ஜெனோவாவில் என் ஆளிடம் வேறு நாணயத்தில் கொடு. இதை என் மச்சானுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்டியல். எங்கள் வீடுகளில் ஊருக்குக் காசு அனுப்பிய அதே வழி. ஒருவர் இங்கே காசை வாங்குவார், அவருடைய ஆள் அங்கே கொடுப்பார், நடுவில் நிற்பது நம்பிக்கை மட்டும்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பிடியும் இருந்தது. ஷாம்பாஞ் பிரபு சந்தைக்கு வருகிறவர்களுக்கு வழிப் பாதுகாப்புக் கொடுத்தார், சந்தைக்கென்று காவலர்களை வைத்தார். கடன் வாங்கி ஏமாற்றியவனின் ஊர் அதிகாரிகள் அவனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால், அந்த ஊர்க்காரர் எவரும் சந்தைக்குள் வரமுடியாது என்று தடை போடலாம். ஒருவன் செய்த பிழைக்கு முழு ஊரும் வெளியே. இது நியாயமா என்று ரயிலில் திரும்பும்போது வாதாடலாம், நேரம் போவதே தெரியாது. புரோவானில் அடித்த வெள்ளிக் காசுக்கு இருந்த மதிப்பைப் பார்த்து ரோம் நகரமே அதைப்போல் ஒன்றை அடித்து, அதற்குப் புரோவானின் பெயரையே வைத்தது. பிறகு இத்தாலியர் கடல் வழியாக நேரே வடக்குக்குப் போகப் பழகினார்கள், ஷாம்பாஞ் பிரெஞ்சு ராஜாவின் கைக்குள் போனது, சந்தை மெல்லச் செத்தது. பணம் போய்விட்டதால் பழைய ஊரை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. அதனால்தான் நாங்கள் பார்க்க அது இன்றைக்கும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் என் தெரிவு ஷார்த்ர்.

மோன்பர்னாஸ் நிலையத்தில் இருந்து ஒரு மணித்தியாலம், சில ரயில்களில் ஒன்றேகால். ரிக்கெற் தனியாக எடுக்கவேண்டும், அது புரோவானோடு ஒப்பிட்டால் செலவுதான். நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பேராலயம். உள்ளே போகக் காசு இல்லை.

"கோயில் பார்க்கவா ஒரு நாள் முழுக்க? நாங்கள் சைவக்காரர்" என்று பெரியவர்கள் சொல்லலாம். லூர்துக்குப் போய்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பி வருகிறவர்கள் அதைச் சொல்வது எனக்கு எப்போதும் சிரிப்பு. சரி, விடுவோம். கும்பிடப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தை யார் கட்டினார்கள், யார் காசு கொடுத்தார்கள், பிறகு யார் காப்பாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

1194இல் பழைய பேராலயம் பெரும் தீயில் எரிந்தது. மேற்கு முகப்பும் நிலவறையும் தப்பின. மிச்சத்தை ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எழுப்பிவிட்டார்கள். மின்சாரம் இல்லை, பாரந்தூக்கி என்றால் மனிதன் உள்ளே நடந்து சுழற்றும் பெரிய சில்லு. இன்றைக்கும் அந்தக் காலத்துக் கண்ணாடி ஜன்னல்களில் பெரும்பகுதி அதே இடத்தில் இருக்கிறது. இரண்டு உலகப் போரிலும் அவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒளித்து வைத்துத் திரும்பப் பூட்டினார்கள். ஷார்த்ர் நீலம் என்று அந்தக் கண்ணாடியின் நீலத்துக்கே தனிப் பெயர் உண்டு.

இப்போது எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும் ஒன்று. ஊர்க் கோயில்களில் ரியூப் லைற்றைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வருவதற்கு இடமில்லாமல் "உபயம்: இன்னார் குடும்பத்தினர்" என்று குறுக்கே எழுதியிருக்கும். ஷார்த்ர் ஜன்னல்களின் கீழ் வரிசையைப் பாருங்கள். நல்ல சமாரியன் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் சப்பாத்துத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நோவாவின் ஜன்னலின் அடியில் தச்சர்கள், சில்லுச் செய்கிறவர்கள், பீப்பாய் செய்கிறவர்கள். இன்னொன்றில் பாண் போடுகிறவர்கள், வேறொன்றில் தண்ணீர் காவுகிறவர்கள், கம்பளித் தோல் விற்கிறவர்கள். மேலே வேதாகமமும் புனிதர்களும், கீழே தொழிலாளர். 800 வருடத்து உபயப் பலகை. ராஜாக்களும் பிரபுக்களும் கொடுத்த ஜன்னல்களும் உண்டு, ஆனால் சப்பாத்துக்காரனின் படத்துக்கு முன்னால் நின்ற நேரம்தான் எனக்குப் பெரிது. ஜன்னலைக் கீழே இருந்து மேலே வாசிக்கவேண்டும், புத்தகம் போல மேலே இருந்து அல்ல. ஒரு சின்னப் பைனாகுலர் கொண்டுபோங்கள். மேல் ஜன்னல்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் நிறம் தெரியும், கதை தெரியாது.

இதில் ஒரு சண்டையும் இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அந்தத் தொழிலாளர்கள் மனமுவந்து கொடுத்தார்களா, அல்லது கோயில் நிர்வாகம் தங்களுக்கு வரி கொடுப்பவர்களை அழகாக வரைந்து வைத்ததா? வரலாற்றாசிரியர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. 1210இல், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஊர்ச் சனம் திரண்டு பேராலயக் குருமார் சபைத் தலைவரின் வீட்டைத் தாக்கியது. அப்படியானால் எல்லோரும் கைகோர்த்துப் பக்தியோடு கல் சுமந்தார்கள் என்ற கதை முழுக் கதை இல்லை. கோயில் நிர்வாக சபைக் கூட்டத்துக்குப் போன எவருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது.

பொறியியல் படிக்கிறவர்கள் கூரையைப் பற்றி வாசித்துவிட்டுப் போங்கள். 1836இல் மரக் கூரை முழுவதும் எரிந்தது. கீழே கல் வளைவு தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு மரத்தைத் தொடாமல் வார்ப்பிரும்பில் சட்டம் செய்து மேலே செப்புத் தகடு போட்டார்கள், அதனால்தான் கூரை பச்சையாகத் தெரிகிறது. 2019இல் பரிஸ் நோத்ர் டாம் எரிந்தபோது திரும்பவும் ஓக் மரத்திலேயே கட்டினார்கள். எது சரி? நான் இரும்புக் கட்சி.

உள்ளே இன்னொரு விவாதம் சுவரிலேயே இருக்கிறது. 2009 அளவில் தொடங்கிய திருத்த வேலையில் புகை படிந்த சுவர்களை வெளிறிய நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். தூண் மாதா என்ற மரச் சிலை நீண்ட காலம் கறுப்பு முகத்தோடு இருந்தது. சனம் அந்தக் கறுப்பு மாதாவுக்குத்தான் மெழுகுதிரி கொளுத்தியது. அதையும் துப்புரவாக்கி வெளிர் நிறத்தில் தீட்டிவிட்டார்கள். முதல் நிறம் இதுதான் என்பது நிபுணர்களின் வாதம். ஆனால் அந்தக் கறுப்பும் மனிதர்கள் கொடுத்ததுதானே, அதுவும் வரலாறுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, நான் ஷார்த்ரைத் தெரிவு செய்வதற்கு உண்மையான காரணம். அது பேராலயத்துக்கு வெளியே இருக்கிறது.

1940 யூன் 17ஆம் திகதி ஜேர்மன் படை ஷார்த்ருக்குள் வந்தது. ஊர்ச் சனத்தில் பெரும்பகுதி ஓடிவிட்டது. மாவட்ட அரச அதிபர் ஓடவில்லை. அவர் பெயர் ழான் மூலான். பள்ளிப் புத்தகத்தில் தொப்பியும் கழுத்துச் சால்வையுமாக இருப்பாரே, அவர்தான். அன்றைக்கு ஜேர்மன் அதிகாரிகள் அவர் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த செனகல் வீரர்கள் பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்து, பிள்ளைகளையும் கொன்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். உண்மையில் அந்தச் சனம் செத்தது குண்டுவீச்சில். மூலான் மறுத்தார். மணிக்கணக்காக அடித்தார்கள். பிறகு கறுப்பர்களை இவ்வளவு பிடிக்கும் என்றபடியால் இவருக்கு ஒரு கறுப்பனோடேயே படுக்கை என்ற நக்கலோடு, பிடிபட்ட செனகல் வீரர் ஒருவர் இருந்த அறையில் அடைத்தார்கள். அடுத்த நாள் அடித்தால் கையெழுத்து வைத்துவிடுவேனோ என்ற பயத்தில் அவர் கண்ணாடித் துண்டால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். காலையில் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். கையெழுத்து மட்டும் விழவில்லை.

அந்த வாரங்களில் பிடிபட்ட ஆபிரிக்க வீரர்களை ஜேர்மன் படை பல இடங்களில் வரிசையில் நிறுத்திச் சுட்டது. அந்தத் தாள் அதற்கு ஒரு நியாயமாக இருந்திருக்கும், அதுவும் ஒரு பிரெஞ்சு அரச அதிபரின் கையெழுத்தோடு. விஷி அரசு சில மாதத்தில் மூலானைப் பதவியில் இருந்து நீக்கியது. அவர் எதிர்ப்பு இயக்கங்களை ஒன்றுசேர்த்ததும், 1943இல் பிடிபட்டுச் சித்திரவதையில் செத்ததும், 1964இல் பாந்தியோனில் வைக்கப்பட்டதும் நீங்கள் பிரெவே சோதனைக்குப் படித்தவை. ஷார்த்ரில் நடந்ததை எனக்கு ஒரு ஆசிரியரும் அழுத்திச் சொன்னதில்லை. ஊரில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, உடைந்த வாளைப் பிடித்தபடி ஒரு பெரிய கை. பேராலயத்துக்கு வந்த பஸ் கூட்டத்தில் அங்கே போகிறவர்கள் குறைவு.

எங்கள் வீடுகளில் "கையெழுத்து வை" என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், மூத்த பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக எடுக்க இடம் கொடுத்தது. தங்களுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்து அதற்காகவே வருடக்கணக்காகச் சிறையில் இருந்தவர்களை எங்கள் பெற்றோர் பெயர் சொல்லி அறிவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் விருந்தாளியாக வந்து உங்களோடு அந்தக் கைக்கு முன்னால் நின்றால், மூலானைப் பற்றி நீங்கள் நீளமாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூன்று வசனம் போதும்.

"இது அவங்கட வரலாறு, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்கும் தம்பிமார் எனக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: ரொறன்ரோவில் இருந்து வரும் உன் மச்சாள் உன்னை யாராகப் பார்க்கிறாள்? இந்த ஊர்க்காரனாக. ரயில் எங்கே மாறுவது, பாண் எங்கே நல்லது, எந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு என்று உன்னைத்தான் கேட்கிறாள். ஊரைக் காட்டுகிறவன் நீ என்றால், அதில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையும் உனக்குத்தான். ராஜாவின் கட்டிலைக் காட்டலாம். பொய்த் தாளில் கையெழுத்து வைக்காத ஒரு மனிதனையும் காட்டலாம். இந்த நாட்டில் எங்களைப் போன்ற நிறத்தவர்கள் மேல் பழி போடுவது புதிதல்ல, அதற்கு மறுத்த ஆட்களும் புதிதல்ல. இரண்டும் தெரிந்து நடமாடுவது எங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன்.

பின்னேரத்துக்கு இன்னோர் இடம் சொல்கிறேன், இது மாமிமாருக்கு மிகவும் பிடிக்கும். மையத்தில் இருந்து சற்றுத் தள்ளி, நடந்தால் அரை மணித்தியாலம், பஸ்ஸும் உண்டு. ரேமோன் இசிதோர் என்று ஒருவர், சவக்காலை கூட்டுகிற தொழிலாளி. 1938இல் ஒரு நாள் நடக்கும்போது வழியில் கிடந்த உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். 1964இல் சாகும்போது அவருடைய வீட்டுச் சுவர், தரை, கட்டில், தையல் மெசின், பின் வளவு எல்லாம் பீங்கான் துண்டுகளால் மூடியிருந்தது. ஷார்த்ர் பேராலயத்தையும் அந்தத் துண்டுகளாலேயே செய்து வைத்தார். அயலவர்கள் அவரைப் பிக்காசியெத் என்று நக்கலாகக் கூப்பிட்டார்கள். பிறர் கோப்பையில் ஒட்டித் தின்கிறவன் என்ற பிரெஞ்சுச் சொல்லும் பிக்காசோவின் பெயரும் கலந்த பட்டம். இப்போது அந்த வீடு நகரசபையின் சொத்து, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், போக முதல் பாருங்கள்.

மற்றச் சில்லறை விபரங்கள். பேராலயத் தரையில் பதித்திருக்கும் வட்டப் பாதை 13 மீற்றர் அகலம்தான், ஆனால் உள்ளே சுற்றிச் சுற்றி நடந்தால் 260 மீற்றர் வரும். வழமையாக அதன்மேல் கதிரைகள் இருக்கும். இளவேனிலில் இருந்து இலையுதிர்காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் கதிரையை எடுப்பார்கள். ஆகவே லீவு எடுக்க முடிந்தவர்கள் வெள்ளியில் போங்கள். நிலவறைக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம். கோபுரம் ஏறுவது படிதான், முழங்கால் வருத்தக்காரரை இழுக்க வேண்டாம். அவர்களைக் கீழ் ஊரில் ஏர் ஆற்றங்கரையில், பழைய தோல் பதனிடும் வீடுகளும் துணி தோய்க்கும் கொட்டகைகளும் இருக்கும் பக்கம் இருத்திவிடுங்கள். கீழே இறங்க வழி சுகம், ஏறத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

சாப்பாட்டுக்கு மீன் றோல்ஸ் கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆற்றங்கரையில் வாங்குகள் இருக்கின்றன. இரவில் பேராலயத்தின் சுவரிலும் ஊர்க் கட்டடங்களிலும் ஒளிக்காட்சி போடுவார்கள், காசு இல்லை. ஆனால் யூலையில் இருட்டப் பத்து மணி தாண்டும், கடைசி ரயில் உங்களுக்காக நிற்காது. ஒளிக்காட்சியும் வேண்டும் என்றால் விருந்தாளிகளைச் செப்ரெம்பர் கடைசியில் வரச் சொல்லுங்கள். விமானச் சீட்டும் அப்போது மலிவு, வரவேற்பறை மெத்தையும் காலியாக இருக்கும்.